முன்னாள் நிதி மந்திரியை நான் அறிமுகம் செய்த கதை

மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற மனிதர் வலது கையால் இடது மணிக்கட்டைத் தட்டினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டினார். நான் மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். அவ்வளவு தூரத்தில் அது கைதட்டல் மாதிரித்தான் தெரிந்தது. தமிழே தெரியாத ஒருவர் என் பேச்சில் உருகிவிட்டார் என்று நினைத்து, குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினேன்.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் மண்டபப் பொறுப்பாளர். ஐந்து மணிக்கு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுவது அவர் வேலை. அவர் தட்டிக் காட்டியது மணிக்கூட்டை. அப்போது ஐந்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது.

எனக்குப் பின்னால், மேடையின் நடுக்கதிரையில், அன்றைய பிரதம விருந்தினர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளிநிற ரை, மடியில் நான்காக மடித்த ஏழு தாள்கள். பெயர் ஒஸ்மண்ட் பிலிமோர். கரிபியன் கடலில் உள்ள ஒரு தீவின் முன்னாள் நிதி மந்திரி. மந்திரியாவதற்கு முன்னும் பின்னும் வங்கியாளர். அவரைச் சபைக்கு அறிமுகம் செய்ய எனக்குத் தந்திருந்த நேரம் பத்து நிமிடம். நான் அதன் முப்பதாவது நிமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில், சென்ற கிழமை, பனியில் சறுக்கி விழுந்த கதை முடிந்ததும் மிசிசாகாவில் இருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பேசினார். "அண்ணை, நீங்கள் விழுந்தது அரை நிமிசம். அதை மூண்டு கிழமை எழுதிப்போட்டியள்" என்றார். அவருக்குப் பதிலாகத்தான் இந்தக் கதை. என்னுடைய வியாதி எழுத்தோடு வந்ததல்ல, அதற்கு முன்பே முற்றியிருந்தது என்பதை அவர் தெரிந்துகொள்ளட்டும்.

பத்து மணிக்கு இறங்கி வருபவர்

தொண்ணூறுகளில் ஒரு காலம். கனடாவில், ஸ்காபரோவில் பதினெட்டு மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றின் வாசல் மேசையில் நான் பகல்நேர செக்கியூரிட்டி. ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவன் என்பதால் மேசை எனக்குப் பழக்கம். தொப்பிதான் புதிது. கொம்பனி கொடுத்த தொப்பி என் தலைக்குப் பெரிது. இரண்டு காதும் தாங்கியிருக்காவிட்டால் அது தோளுக்கு இறங்கியிருக்கும். கள்ளன் யாராவது வந்தால், முதலில் தொப்பியைத் தூக்கிவிட்டுத்தான் நான் அவனைப் பார்க்கவேண்டும்.

காலை சரியாகப் பத்து மணிக்கு லிஃப்ட் திறக்கும். பதினொராம் மாடியில் மகளோடு வசித்த உயரமான கறுப்பின முதியவர் கோட்டும் ரையுமாக இறங்கி வருவார். தபால் பெட்டியைத் திறப்பார். அநேகமாக அதில் பீட்சாக் கடை விளம்பரம்தான் இருக்கும். அதை ஒரு அரசாங்கக் கடிதத்தைப் போல முதலில் இருந்து கடைசிவரை வாசித்து, மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "குட் மோர்னிங், ஒஃபிசர்" என்பார்.

கனடாவில் என்னை ஒஃபிசர் என்று அழைத்த முதல் மனிதர் அவர்தான். கடைசி மனிதரும் அவரே. நான் அந்த இடத்திலேயே மயங்கிவிட்டேன்.

ஒருநாள் என் மேசைக்கு வந்தார். அவர் பேசியதை நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். ஏனென்றால் அவர் தம்முடைய ஆங்கிலத்தையும் அப்படித்தான், கஞ்சி போட்டு அயன் பண்ணிப் பேசுவார்.

"ஒஃபிசர், இந்தக் கட்டடத்தில் நீங்கள் எதைக் காவல் காக்கிறீர்கள்?"

"தெரியாது சேர். களவு போனால்தான் தெரியும்."

அவர் நெடுநேரம் சிரித்தார். "நான் ஏழு வருடம் ஒரு நாட்டின் திறைசேரியைக் காவல் காத்தேன். எனக்கும் அப்படித்தான் தெரியவந்தது."

நான் நம்பவில்லை. அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு 'முன்னாள்' இருக்கும். முன்னாள் பள்ளிக்கூட அதிபர், முன்னாள் எஞ்சினியர், முன்னாள் நூறு பரப்புக் காணிக்காரர். எங்கள் கட்டடத்துக்குப் பீட்சா கொண்டுவந்தவர்கூட எங்கேயோ முன்னாள் நீதவான். ஒரு மந்திரி வந்ததில் எனக்கு அதிசயம் இல்லை.

அடுத்த நாள் அவர் தம்முடைய தீவின் பழைய காசுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதன் அடியில் அவருடைய கையெழுத்து. நான் என் பார்சல் கொப்பியை எடுத்து, போன கிழமை அவர் பார்சல் எடுத்தபோது போட்ட கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே. பார்சல் கொப்பியில் கொஞ்சம் கூடுதல் கவனமாகப் போட்டிருந்தார்.

ஆட்டைப் பிணை வாங்கிய வங்கி

அந்தக் குளிர்காலம் முழுக்க, தினமும் பத்தில் இருந்து பதினொன்றுவரை, அவர் தம் வாழ்க்கையைச் சொன்னார். நான் காவல் காக்கவேண்டிய கட்டடத்தில் அந்த ஒரு மணி நேரம் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பத்தொன்பது வயதில் தீவில் இருந்த ஆங்கிலேயர் வங்கியில் சேர்ந்தார். தீவுக்காரரைக் கவுண்டரில் நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. பின்னறையில் பேரேடு எழுத வைத்தார்கள். ஒரு நாள் கவுண்டரில் இருந்த வெள்ளைக்கார இளைஞன் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டான். வேறு வழியில்லாமல் பிலிமோரைக் கவுண்டரில் நிறுத்தினார்கள். சந்தையில் மீன் விற்கும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு அன்று பேசாமல் போனார்கள். மறுநாள் காலை வங்கி வாசலில் இருந்து துறைமுகம்வரை வரிசை. "எங்கட காசை எங்கட பெடியன் எண்ணட்டும்" என்று அவர்கள் தங்கள் பாஷையில் சொல்லியிருக்கவேண்டும். வெள்ளைக்காரனின் மயக்கம் தெளிந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

பிறகு அந்த வங்கியின் முதல் உள்ளூர் மனேஜர். பிறகு அதை விட்டு, தீவுச் சனத்துக்கென்று சொந்தமாக ஒரு சின்ன வங்கி. ஆட்டைப் பிணையாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று அவர் சொன்னார். பிணை ஆடு செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இறைச்சியில் வங்கிக்கு ஒரு பங்கு வரும்" என்றார். அது பகிடியோ உண்மையோ தெரியாது. நான் மேடையில் உண்மை என்றே சொன்னேன்.

வங்கியில் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் வாக்குப் போட்டதால் தேர்தலில் வென்றார். நிதி மந்திரியானார். வரவுசெலவுத் திட்டத்தை ஐந்து மணி நேரம் நின்றபடி வாசிப்பாராம். ஒரு வருடம் சாராயத்துக்கு வரி போட்டார். அதற்குப் பிறகு தலைநகரத்தில் எந்தச் சலூன்காரனும் அவருக்கு முகம் வழிக்கச் சம்மதிக்கவில்லை. அந்த ஆட்சி முடியும்வரை மனைவிதான் முகம் வழித்துவிட்டாராம். "கத்தியோடு இருந்தவர்களில் என்னோடு கோபம் இல்லாதவள் அவள் ஒருத்திதான்" என்றார்.

அடுத்த தேர்தலில் தோற்று, மறுபடியும் வங்கிக்கு வந்து, மேல்மாடி அறையில் தலைவராக உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் வங்கி விழுந்தது. ஒரு திங்கட்கிழமை கதவு திறக்கவில்லை. சனத்தின் சேமிப்பு போய்விட்டது. அவர் தம் பங்கை ஒளித்துவைத்திருக்கிறார் என்று தீவெல்லாம் கதை. அவருடைய கோட்டின் முழங்கையில் இருந்த ஒட்டுத்துணியைப் பார்த்தால் அந்தக் கதையை யாரும் நம்பமாட்டார்கள். மனைவி இறந்ததும், ரொறன்ரோவில் நர்ஸாக இருந்த மகள் மார்வா அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

வங்கி விழுந்த கிழமையைப் பற்றி மட்டும் அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் வந்தால் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

பல் டொக்ரருக்குப் பதிலாக

நான் அப்போது எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தேன். தலைவர் குணம் அண்ணை. மார்க்கம் நகரத்தில் அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில்தான் கூட்டம் நடக்கும். ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் யார் என்று பேச்சு வந்தது.

"போன முறையும் பல் டொக்ரர். அதுக்கு முதலும் பல் டொக்ரர்" என்றார் குணம் அண்ணை. "சனம் எங்கட சங்கத்துக்குப் பல்லில ஏதோ வருத்தம் எண்டு நினைக்கப்போகுது."

"என்னட்ட ஒரு மந்திரி இருக்கிறார்" என்றேன்.

"எந்த நாட்டு மந்திரி?"

"கரிபியன் பக்கம். ஒரு தீவு."

"தீவெண்டா? எங்கட நெடுந்தீவு மாதிரியோ?"

"அதைவிடப் பெரிசு. ஆனா சரியான பெரிசில்லை. தனி நாடு, தனிக் கொடி, தனிக் காசு."

குணம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உந்தளவு இடத்துக்கெல்லாம் தனி நாடு குடுத்திருக்கிறாங்கள்" என்றார். ஹீற்றர் மட்டும் இரைந்தது. பிறகு அவரே, "சரி, அவரையே கூப்பிடுவம். தனி நாட்டை எப்பிடி எடுத்தவங்கள் எண்டாவது கேட்டுப் பாப்பம்" என்றார்.

அடுத்த கேள்வி, யார் அறிமுகம் செய்வது. மந்திரியைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் குணம் அண்ணை மற்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், யாராவது காப்பாற்றமாட்டார்களா என்று.

காரணம் இருந்தது. எங்கள் விழாக்களில் பேச்சாளரைவிட அறிமுகம் செய்பவருக்குத்தான் வேலை அதிகம். விருந்தினர் பிறந்த கதை, படித்த கதை, பெற்ற பட்டம் எல்லாம் சொல்லி, அவரே மறந்துபோன நற்குணங்களையும் எடுத்துச் சொல்லி, கடைசியில் 'அறிமுகம் தேவையில்லாதவர்' என்று முடிக்கவேண்டும். இந்தக் கலையில் நான் ஊரிலேயே பேர்பெற்றவன். ஒருமுறை ஒரு புலவரை அறிமுகம் செய்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் அவருடைய கதிரை காலி. கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் எழும்பிப் போனதைச் சபை முழுக்கக் கண்டிருக்கிறது. நான்தான் காணவில்லை.

"நேசன், உமக்குப் பத்து நிமிசம்" என்றார் குணம் அண்ணை. "பதினொண்டெண்டா நான் வந்து மைக்கைப் பறிப்பன்."

மடியில் இருந்த ஏழு தாள்கள்

அழைப்பிதழைக் கொடுத்தபோது பிலிமோர் நின்றபடியே வாசித்தார். தோற்ற தேர்தலுக்குப் பிறகு யாரும் அவரை ஒரு மேடைக்கும் கூப்பிடவில்லை.

"எனக்கு எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம் சேர்."

"என் மகள் வரலாமா?"

"குடும்பத்தோடு வாருங்கள்."

அவர் அழைப்பிதழைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு, அவருக்குப் பழக்கமில்லாத தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒஃபிசர், வங்கி மூடிய கிழமையைப் பற்றி மார்வாவுக்கு நான் ஒன்று சொல்லவேண்டும். வருடக்கணக்காகச் சமையலறையில் சொல்லப் பார்க்கிறேன். நான் தொண்டையைச் செருமியதும் அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கிவிடுகிறாள். நான் அரசியல்வாதி. எனக்கு மேடை இல்லாமல் உண்மை வராது. ஒரு மண்டபத்தில், இருநூறு பேருக்கு நடுவில் உட்காரவைத்தால், அவளால் எழும்பிப் போகமுடியாது."

அன்றிலிருந்து தினமும் அவர் பேச்சை எழுதினார். எழுதியதைக் கிழித்தார். மார்வா தம் வேலை முறையை இன்னொரு நர்ஸுக்கு மாற்றிக் கொடுத்து அந்த ஞாயிறு விடுப்பு எடுத்தார். கீழே வந்தபோது என்னிடம், "அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசுகிறார். மேடையில் என்னத்தைப் பேசப்போகிறார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

நானும் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். என் மனைவி மலர், சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாளும் அண்டைக்குப் பேசுமோ?"

"பேசாமல்? அவர்தானே சீஃப் கெஸ்ற்."

"அப்ப அவருக்கும் கொஞ்சம் மிச்சம் விடுங்கோ."

கரிபியன் கடலின் கர்ஜனை

விழா இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தோம். ஆகவே மூன்றரைக்குத் தொடங்கினோம். விளக்கேற்றினோம், இரண்டு கீதம் பாடினோம், மறைந்தவர்களுக்கு அகவணக்கம் செய்தோம், வரவேற்றோம், வரவேற்றவரைப் பாராட்டினோம். மூன்று சிறுமிகள் ஆடினார்கள். ஒலிநாடா நடுவில் சிக்கியதால் முதலில் இருந்து மறுபடி ஆடினார்கள். என்னைக் கூப்பிட்டபோது நாலே கால். அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பத்து நிமிடத்தில் நான் இறங்கியிருந்தால் பிலிமோருக்கு முழுதாக அரை மணி நேரம் இருந்தது.

மார்வா முன்வரிசையில், பச்சைத் தொப்பி அணிந்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான் தொடங்கினேன். "கரிபியன் கடலின் கர்ஜனையே, காசுக்குக் கையெழுத்திட்ட கரமே" என்றேன். முதல் கைதட்டல் விழுந்தது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. கனடாவுக்கு வந்த பிறகு எனக்கு விழுந்த முதல் கைதட்டல் அது. எட்டு மணி நேரம் தொப்பிக்குள் வாய் பேசாமல் இருந்தவனுக்கு ஒலிவாங்கி கிடைத்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மீன்காரப் பெண்களின் வரிசையை மட்டும் ஏழு நிமிடம் வர்ணித்தேன். ஆட்டு இறைச்சிக்குச் சிரித்தார்கள். சிரித்ததால் இன்னும் இரண்டு ஆடு சேர்த்தேன்.

வங்கி விழுந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு விபரம் இல்லை. விபரம் இல்லாத இடத்தில்தான் ஒரு மேடைப் பேச்சாளனுக்கு வேகம் வரும். "சதி" என்றேன். "சண்டாளர்களின் சதி. எதிரிகள் கூடிச் செய்த சூழ்ச்சி. பாவம், இந்தப் பச்சிளம் உள்ளத்துக்கு ஒன்றுமே தெரியாது" என்றேன். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

குணம் அண்ணை ஒரு துண்டுக் காகிதத்தை என் முன்னால் நீட்டினார். பாராட்டாக இருக்கும், கடைசியில் வாசித்துக் காட்டலாம் என்று சட்டைப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது 'முடி' என்று எழுதியிருந்தது. பதினொராவது நிமிடத்தில் மைக்கைப் பறிப்பேன் என்றவர், இருநூறு பேருக்கு முன்னால் பறிக்க வெட்கப்பட்டு, எழும்பி எழும்பி உட்கார்ந்திருக்கிறார்.

"அறிமுகம் தேவையில்லாத பெருமகனை இப்போது அழைக்கிறேன்" என்று நான் முடித்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம். மொத்தம் நாற்பது நிமிடத்துக்கு மேல். அப்போதுதான் கடைசி வரிசைக்காரர் சுவர்ப்பக்கம் போய் விளக்குச் சுவிட்சில் கைவைத்ததைக் கண்டேன்.

பிலிமோர் எழும்பினார். ஏழு தாள்களையும் விரித்தார். மணிக்கூட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தாள்களை மறுபடி நான்காக மடித்தார்.

"நண்பர்களே," என்றார் ஆங்கிலத்தில், "என் வாழ்க்கை நான் நினைத்திருந்ததைவிட நீளமானது என்பதை இன்று அறிந்துகொண்டேன். நன்றி."

சனம் சிரித்தது. அவரும் சிரித்தார், வாயால் மட்டும். பின்பாதி விளக்குகள் அணைந்தன.

புறப்படாத கார்

பொன்னாடையை வாகனத் தரிப்பிடத்தில் வைத்துத்தான் போர்த்தினோம். மிச்சமான சிற்றுண்டி ரோல்ஸ் பெட்டிகளைச் சுமந்து வந்த மலர் என்னைப் பார்த்து, "நீங்கள் அவையின்ர காரில போங்கோ. செய்ததுக்குப் பக்கத்தில இருந்து அனுபவியுங்கோ" என்று சொல்லிவிட்டு வேறு வாகனத்தில் ஏறினாள்.

நான் பின்சீற்றில். முன்னால் மார்வா, பக்கத்தில் பொன்னாடையோடு அவர். கார் ஸ்ரார்ட் ஆனது. ஆனால் போக வழியில்லை. எங்கள் சனம் மண்டபத்துக்குள் பேச நேரம் கிடைக்காததை எல்லாம் வெளியே கார்க் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியது. முன்னால் ஒரு வான் வண்டி குறுக்கே நின்றது.

"மன்னிக்கவேண்டும் சேர்" என்றேன்.

"பரவாயில்லை, ஒஃபிசர்" என்றார். மகளுக்குச் சொல்ல இருந்ததை அவர் இனி ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது. இன்னொரு மேடை வரப்போவதில்லை.

மார்வா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நாற்பது நிமிடம் என் அப்பாவைப் பற்றி என்ன சொன்னீர்கள்?"

நான் என் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, என் பேச்சில் எலும்பே இல்லை என்று. 'கடலின் கர்ஜனை' ஆங்கிலத்தில் 'கடலில் பெரிய சத்தம் போட்டவர்' ஆனது. ஏழு நிமிட வரிசை 'நிறையப் பெண்கள் நின்றார்கள்' என்று முடிந்தது. ஆட்டைச் சொன்னபோது மார்வா, "எத்தனை ஆடு?" என்று அப்பாவைக் கேட்டார். "ஒன்று" என்றார் அவர். "அதுவும் சாகவில்லை."

"பிறகு வங்கியைப் பற்றிச் சொன்னேன்" என்றேன். "எதிரிகள் சதி செய்தார்கள். உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னேன்."

மார்வாவின் கை ரேடியோப் பக்கம் போனது. வீட்டில் தண்ணீர்க் குழாய் திறப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"இல்லை, ஒஃபிசர்" என்றார் பிலிமோர். "அது பிழை."

அந்தக் கை நின்றது.

"சதி ஒன்றும் இல்லை. கட்டி முடிக்காத ஒரு ஹோட்டலுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன். திங்கட்கிழமை கதவு திறக்காது என்று வியாழன் மாலையே எனக்குத் தெரியும்." அவர் முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். வானுக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் சனத்துக்குப் பேசுவது போல இருந்தது. "வெள்ளிக்கிழமை வழக்கம்போல் திறந்தோம். ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவன் ஓடிவந்து எடுத்துவிடுவான், மலையில் இருந்து நடந்து வருபவனுக்கு ஒன்றும் இருக்காது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேல்மாடி யன்னலில் நின்றேன். உன் அம்மா வரிசையில் நின்றாள். கேக் விற்ற காசு. நீ கனடாவுக்குப் படிக்கப் போவதற்குச் சேர்த்தது. அதை வைப்பிலிட வந்திருந்தாள். கீழே இறங்கப் பன்னிரண்டு படி. நான் இறங்கவில்லை."

பின்சீற்றில் ஒருவன் இருப்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. இறங்கிப் போகலாம் என்றால் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். நான் மூச்சைச் சிறிதாக விட்டேன்.

"அம்மா உங்களைப் பார்த்தார்" என்றார் மார்வா.

அவர் திரும்பினார்.

"வரிசையில் நின்று நிமிர்ந்து பார்த்தாராம். வேலை நேரத்தில் நீங்கள் யன்னலுக்கு வருவதே இல்லை. முகத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது."

"விளங்கியுமா கொடுத்தாள்?"

"அவருக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். பிலிமோரின் மனைவி காசோடு திரும்பி நடந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். நான் இரண்டு வருடம் வேறொரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்த்துத்தான் இங்கே வந்தேன். உங்களோடு சண்டை பிடிக்கவேண்டும் என்று நின்றேன். அம்மா விடவில்லை. 'அவர் தாமாகச் சொல்லட்டும். அதுவரை ஒருவரும் கேட்கக்கூடாது' என்றார். சாகும்வரை காத்துக்கொண்டிருந்தார். பிறகு நான் காத்துக்கொண்டிருந்தேன்."

"நான் பேச வாயெடுத்த போதெல்லாம் நீ பாத்திரம் கழுவினாய்."

"நீங்கள் ஒவ்வொரு முறையும் 'அன்பார்ந்த மகளே' என்று தொடங்கினீர்கள்."

யன்னலில் தட்டுச் சத்தம். குணம் அண்ணை ஒரு பேப்பர் பையோடு குனிந்து நின்றார். மார்வா கண்ணாடியை இறக்கினார். கண்ணைத் துடைக்கவில்லை.

"நேசன், பிரதம விருந்தினருக்கு ரோல்ஸ் குடுக்க மறந்திட்டம்" என்றார் அவர். "அதோட, எப்பிடித் தனி நாடு எடுத்தவங்கள் எண்டு கேட்டனீரோ?"

"இல்லை அண்ணை. பிறகு கேக்கிறன்."

"உம்மட பேச்சில கேக்க எங்க நேரம்" என்று சொல்லிக்கொண்டு போனார். வான் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. வழி திறந்தது. மார்வா உடனே காரை எடுக்கவில்லை. அப்பாவின் தோளில் இருந்து வழுக்கிய பொன்னாடையை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டார். பையில் இருந்து ஒரு ரோல்ஸை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவரிடம் கொடுத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். உறைப்பில் இரண்டு பேருக்கும் மூக்கில் நீர் வடிந்தது. அது உறைப்பால் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கார் பெரிய ரோட்டில் ஏறியதும் மார்வா கண்ணாடியில் மறுபடி என்னைத் தேடினார்.

"அதற்குப் பிறகு என்ன சொன்னீர்கள்?"

அதற்குப் பிறகுதான் நான் மேடையில் சூடு பிடித்தேன். இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது. அலையையும் கரையையும் வைத்து ஒரு உவமை, அதற்குள் இன்னொரு உவமை. அன்று பேசியதில் மிகச் சிறந்த பகுதி அதுதான். ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலமாகித் தொண்டையில் வரிசைக்கு நின்றது.

"அவ்வளவுதான், மேடம்" என்றேன். "அதோடு முடித்துவிட்டேன்."